சிவப்பியின் வயிற்றுக் கிருமிகளுக்காக ஒரு மனு

அன்பான மாரியாயி,

கோடு போட்ட தாள்தான். ஆனாலும் என் எழுத்து மலைப்பாதைபோல ஏறி இறங்குகிறது. பொறுத்துக்கொள். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்த விரல்கள் பென்சிலுக்கு இன்னும் முழுதாகப் பணியவில்லை. ஆனால் இது நானே எழுதுவது.

நீ வளர்த்த பசுவின் பேத்தி சிவப்பி இப்போது பால் தருகிறாள். போன மாதம் தோட்டத்தில் ஓர் உத்தரவு வந்தது. நாம் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துப் பக்கம் மாடு இருந்தால் கிருமி பரவும், எல்லாவற்றையும் விற்றுவிட வேண்டுமாம். நம் மகள் ராசாத்திக்கோ நிறைமாதம். வெளுத்துப்போயிருக்கிறாள். சிவப்பியை விற்றால் அவளுக்குப் பாலுக்கு எங்கே போவேன்?

நீ கண்மூடிய பிறகு ராசாத்தி தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஆனாள், தெரியுமா? எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். அவளுடைய விஞ்ஞானப் புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசித்தேன். ரத்தம் ஊறுவதற்குத் தேவையான ஒரு வைட்டமின் புல்லில் இல்லையாம். மாட்டின் வயிற்றிலுள்ள கிருமிகள்தான் அதைச் செய்கின்றன. முதலில் திரியோனைன் என்ற அமினோ அமிலத்தைத் தாமே உண்டாக்குகின்றன. பிறகு அதிலிருந்து ஒரு சின்னத் துண்டை எடுத்து வைட்டமினில் கோக்கின்றன. அது பாலில் வந்து சேர்கிறது. ‘திரியோனைன்’ என்று எழுதவே எனக்கு ஒரு பொழுது போனது. இதையெல்லாம் மனுவாக எழுதினேன்.

வாசித்துக் காட்டியதும் உன் தம்பி வேலு தலையில் அடித்துக்கொண்டான்.

“ஏன் மச்சான், மாட்டு வயித்துல கிருமி இருக்குன்னு நீங்களே எழுதிக் குடுக்குறீங்களே! இன்னைக்கே ஓட்டிட்டுப் போயிருவாங்க!”

“உள்ளதத்தான்டா எழுதியிருக்கேன். போடா.”

தோட்டத்து டாக்டரையாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மனுவை இரண்டு தடவை வாசித்தார்.

“யாருய்யா எழுதிக் குடுத்தது?”

“நான்தாங்கய்யா எழுதுனேன்.”

“நான் போத்தல்ல தேடுற வைட்டமின ஒங்க மாடு சும்மாவே செய்யுதாக்கும்?”

“மாடு செய்யலீங்கய்யா. உள்ள இருக்கவங்க செய்யிறாங்க.”

விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, “சாணியில வர்ற கிருமி வேற. கொட்டில நீங்க தண்ணி புடிக்கிற பீலிக்குத் தள்ளிப் போடுங்க. பாலக் காய்ச்சிக் குடிங்க. தோட்டத் தொரைகிட்ட நான் பேசுறேன்” என்றார். பேசியும்விட்டார். நம் லயத்து மாடு ஒன்றுகூடப் போகவில்லை, மாரியாயி! வேலு இப்போது ஊரெல்லாம் “எங்க மச்சான் மனு” என்று சொல்லித் திரிகிறான்.

மனுவின் அடியில் கைநாட்டு இல்லை, என் கையெழுத்து. நீ பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

அடுத்த வாரம் பேரப்பிள்ளை வந்துவிடும். அதன் பெயரை முதலில் எழுதப்போவது நான்தான். அன்றைக்கே உனக்கும் எழுதுவேன்.

இனி விரலில் மை படாத உன் வீட்டுக்காரன்,
கருப்பையா