சிவப்பு டை கட்டிய மரங்கள்

மார்ச் 4, புதன்

மகள் போன் செய்தாள். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, கதவைப் பூட்டினியா என்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நான்காவது கேள்விக்கு வந்தாள். "காட்டுப் பக்கம் தனியாப் போகலையே?"

போகவில்லை என்றேன். வாசலில் என் பூட்ஸ் சேறும் சகதியுமாக நின்றுகொண்டிருந்தது. பொய் சொல்லக் கூடாது என்று கான்வென்டில் சொல்லிக்கொடுத்தார்கள். எது சொன்னாலும் நிமிர்ந்து நின்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டாவது பாடத்தில்தான் நான் எப்போதும் முதல்.

மார்ச் 7, சனி

வீட்டுக்குப் பின்னால் காடு. காட்டுக்குள் மூன்று நடைபாதைகள். மேட்டுப் பாதைக்கு மஞ்சள் பெயின்ட், நாணல் பாதைக்கு வெள்ளை, மரத்துக்கு மரம் பட்டையாக அடித்து வைத்திருக்கிறார்கள். அதுவும் கோணல்மாணலாக. ஏரிப் பாதைக்கு மட்டும் ஒன்றுமில்லை. நடைக் குழுத் தலைவரான பக்கத்து வீட்டுப் பல் டாக்டரிடம் காரணம் கேட்டேன். ஓய்வு பெற்று எட்டு வருடமாகியும் எதிரே இருப்பவர் வாயையே பார்த்துப் பேசுகிற மனிதர்.

"ஏரியை ஒட்டிப் போற பாதைக்கு அடையாளம் எதுக்கு மேடம்? ஏரிதான் அடையாளம்."

பாதி வழியில் சதுப்பு வருகிறது, பாதை ஏரியை விட்டு விலகி மரங்களுக்குள் புகுந்து இரண்டாகப் பிரிகிறது என்றேன். "இடது பக்கம் போகணும். எல்லாருக்கும் தெரியுமே" என்றார். எல்லாருக்கும் தெரியுமாம். நான் யார் கணக்கில் வருகிறேன்?

மார்ச் 9, திங்கள்

எழுதக் கை வரவில்லை. எழுதாமல் விட்டால் இன்னும் மோசம்.

காலையில் மூடுபனி. பிரிவில் இடதா வலதா என்று— தெரியாமல் போய்விட்டது. நாற்பது வருடமாக நடக்கிற பாதை! ஒரு பள்ளத்தையே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன். வந்து சேர்ந்தது யார்? அந்தப் பல் டாக்டர்தான். கடைவாய்ப் பல் பிடுங்கிய நோயாளியைப் பிடித்து வருவதுபோல முழங்கையைப் பிடித்து வீடு வரை கொண்டுவந்து விட்டார். அதோடு விட்டாரா? மகளுக்குப் போன் போட்டுச் சொல்லியும் விட்டார். கோள்மூட்டி!

"இன்னொரு தடவை வழி தப்பினேன்னு கேள்விப்பட்டா, வந்து பெட்டியைக் கட்டிடுவேன்ம்மா. அப்புறம் என் வீடுதான். பேச்சே இல்லை" என்றாள்.

அவள் வீடு ஒன்பதாவது மாடி. எனக்கென்று ஒதுக்கியிருக்கும் அறையின் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக்காரரின் உள்ளாடைகள் காய்வது தெரியும். நல்ல காற்றோட்டமான காட்சி.

மார்ச் 12, வியாழன்

அலமாரியைத் திறந்தேன். போய்ச் சேர்ந்த என் வீட்டுக்காரருடைய டைகள். ஒரு தட்டு நிறைய. எல்லாம் ஒரே சிவப்பு. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வருடா வருடம் ஊழியர்களுக்குக் கொடுத்தது. மற்ற கம்பெனிகள் சம்பளத்தை உயர்த்தும். இவர் கம்பெனி டை கொடுக்கும். காலமெல்லாம் கழுத்தில் சுருக்கை மாட்டிக்கொண்டு போய் வந்தார், பாவம். ஒரு நாள்கூட நேராகக் கட்டியதில்லை. வாசலில் நிறுத்தி நான்தான் சரி செய்வேன்.

மழைக்குச் சாயம் போகாது. வெயிலுக்கு நைந்து போகாது. அவரைப் போலவே எதற்கும் அசையாத துணி.

கத்தரிக்கோலை எடுத்தேன்.

மார்ச் 14, சனி

மரத்துக்கு மரம் டைத் துண்டு கட்டி முடித்தேன். சதுப்பிலிருந்து பிரிவைத் தாண்டி மறுபடி ஏரி தெரிகிற இடம் வரை. எல்லாம் என் கண் மட்டத்தில், பாதையைப் பார்த்த பக்கத்தில், இரட்டை முடிச்சு, இரண்டு முனையும் ஒரே நீளம். நடைக் குழுவின் கோணல் பெயின்டை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். யாருக்கும் சொல்லப் போவதில்லை. இது என் ஒருத்திக்கான ஏற்பாடு.

மார்ச் 20, வெள்ளி

மூடுபனியிலேயே போய் வந்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் நின்று, இப்படி வா என்கிற மாதிரி. உயிரோடு இருந்தபோது அவரைக் கேட்டு நான் எந்தப் பக்கமும் திரும்பியதில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

மேட்டுப் பக்கம் ரம்பச் சத்தம். புயலில் அடிபட்ட மரங்களை வனத்துறை வெட்டுகிறதாம்.

ஏப்ரல் 6, திங்கள். மதியம்

சத்தம் ஏரிப் பக்கம் வந்துவிட்டது. விழுந்தடித்துக்கொண்டு போனேன். சதுப்போரத்தில், தண்ணீர் மேல் சாய்ந்து நிற்குமே, அந்தப் பெரிய மரம் கீழே கிடக்கிறது. அதன் இடுப்பில் என் சிவப்பு டை.

மரம் வெட்டும் மேஸ்திரி நல்ல மனிதன். அதுதான் வேதனை.

"நல்லா இருக்கிற மரத்தை ஏன்ப்பா வெட்டறீங்க?"

"எங்களுக்கென்ன தெரியும் பாட்டி? சிவப்பு கட்டியிருந்தா வெட்டணும். ஆபீஸ் வழக்கம். மேட்டுல ஏனோதானோன்னு கட்டியிருந்தாங்க. இங்க பாருங்க, ஒரே மட்டம், ஒரே பக்கம், முடிச்சுகூட ஒரே மாதிரி. இதைக் கட்டினது பெரிய ஆபீசராத்தான் இருக்கணும்!"

பாட்டியாம். அதைக்கூடக் கண்டிக்கத் தோன்றவில்லை.

இப்போது சாப்பிடப் போயிருக்கிறார்கள். வந்ததும் அடுத்த மரம். ஆபீசில்தான் ஏதோ குளறுபடி, கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க" என்கிறான்.

கட்டினது நான்தான்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு சொன்னா அந்தக் கோள்மூட்டி காதுக்குப் போகும். அவர் காதுக்குப் போனா மகள் பெட்டியோட வந்து நிப்பா. சொல்லாம இருந்தா? யாருக்குத் தெரியும்? பழி ஆபீஸ் தலையில போகும். ஆபீசுக்கென்ன, தாங்கும்.

மரம் தாங்குமா?

சீ. என்ன யோசனை இது. பூட்ஸ் எங்கே?

அதே நாள், மாலை

போனபோது வனத்துறை அதிகாரியும் வந்திருந்தார். சத்தம் கேட்டுப் பல் டாக்டரும். எல்லாம் எனக்கென்று கூடி வந்திருக்கிறது.

நிமிர்ந்து நின்று தெளிவாகச் சொன்னேன். "இதையெல்லாம் கட்டினது நான்."

அதிகாரி சிரித்தார். "மரத்து மேல பாசம் இருக்க வேண்டியதுதான். அதுக்காகப் பொய் சொல்லலாமாம்மா?"

வாழ்க்கையில் முதல் முறையாக உண்மை சொல்கிறேன், நம்ப ஆளில்லை! அடுத்த மரத்தில் இருந்த முடிச்சை அவிழ்த்து, துணியைத் திருப்பி உள்பக்கம் காட்டினேன். கம்பெனியின் குடைச் சின்னம். "உங்க ஆபீஸ்ல குடை போட்ட ரிப்பனா வாங்கறீங்க? இது என் வீட்டுக்காரரோட டை."

மேஸ்திரி வாய்விட்டுச் சிரித்தான். அதிகாரி சிரிக்கவில்லை. "எதுக்கும்மா கட்டினீங்க?"

"எனக்கு இங்க வழி மறந்துபோகுது."

அவ்வளவுதான். ரம்பத்தை நிறுத்தினார்கள். பல் டாக்டர் ஏதோ சொல்ல வந்தார். முதல் முறையாக அவர் வாயை நான் பார்த்தேன். மூடிக்கொண்டார். மகளிடம் சொல்லாதீர்கள் என்று அவரிடம் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

டைகளை நானே அவிழ்த்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

பல் டாக்டர் சொல்வதற்குள் நானே மகளுக்குப் போன் செய்து எல்லாம் சொன்னேன்.

"அப்பாவோட டையா?"

"வேற யார் டை என்கிட்ட இருக்கு?"

சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பிடிபடவில்லை. "ஞாயித்துக்கிழமை வரேன்" என்று வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 12, ஞாயிறு

வந்தாள், மடித்த அட்டைப்பெட்டிகளோடு. ஏரிப் பாதைக்கு அழைத்துப் போனேன். பிரிவில் நின்று, எந்தப் பக்கம் என்று அவளைக் கேட்டேன். "வலது பக்கம்?" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எவ்வளவு சுகம்!

வெட்டுப்பட்ட அடிமரத்தின் மேல் உட்கார்ந்து அழுதாள். "நீ பள்ளத்துல விழுந்து கிடந்தா எனக்கு யாரும்மா சொல்லுவா? அதை நினைச்சா ராத்திரி தூக்கம் வரலை."

எனக்கும் வரவில்லை என்று சொல்லியிருக்கலாம்.

அப்போதுதான் பல் டாக்டர் நீலப் பெயின்ட் டப்பாவோடு வந்தார். ஏரிப் பாதைக்கும் அடையாளம் போடக் குழு முடிவு செய்துவிட்டதாம். "இதுல தினமும் நான் எப்படியும் வரணும். வேணும்னா மேடம் கூட வரட்டும்" என்று மகளிடம் சொன்னார், நான் அங்கே இல்லாத மாதிரி.

"நான் பேச மாட்டேன்" என்றேன்.

"பேசினாலும் கேக்காது. காது மெஷினை வீட்டுலயே வெச்சுட்டு வந்துடறேன்."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "தனியா ஒரு நாள்கூடப் போகக் கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். பெட்டிகளை அவள் பிரிக்கவில்லை, திருப்பி எடுத்துக்கொண்டும் போகவில்லை. "மாடிப்படிக்குக் கீழ இருக்கட்டும்" என்றாள். என் மகள்தானே.

ஏப்ரல் 25, சனி

பெயின்ட் முடிந்தது. பட்டைகளை என் கண் மட்டத்தில் அடிக்கச் சொன்னேன். அளவுகோல் வைத்து நேராகவும் அடிக்கச் சொன்னேன். உயரமானவர்கள் எல்லாம் குனிந்து தேடுகிறார்களாம். குனியட்டும், உடம்புக்கு நல்லது.

மே 19, செவ்வாய்

பல் டாக்டர் வரவில்லை. ஜலதோஷமாம், அதிகாலையிலேயே போனில் தும்மினார். நல்ல வெயில், பனியே இல்லை. மகள் வெளியூர் போயிருக்கிறாள். தனியாகப் போயிருந்தால் ஒரு குருவிக்கும் தெரிந்திருக்காது. பூட்ஸ் மாட்டிக்கொண்டு வேலி வரை போனேன்.

அங்கிருந்து திரும்பி அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். ஊரார் பல்லையெல்லாம் பார்த்த மனிதருக்கு மேல்வரிசையில் ஒன்றுகூட இல்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "நாளைக்கு வந்துடறேன் மேடம்" என்றார்.

"மெதுவா வாங்க" என்றேன். சூப் ஃப்ளாஸ்கை மேஜையில் வைத்தேன். உப்பு ஒரு சிட்டிகை கூடிவிட்டது, சொல்லவில்லை. இருமலைப் பார்த்தால் இந்த வாரம் முழுக்க ஆகும் போலிருக்கிறது.

ஆகட்டும். ஏரி எங்கேயும் போய்விடாது.