வீட்டுக்குப் பின்னால் போகும் கரும்பு ரயில்

ஜூலை 9, திங்கள்

சீனி மில்லில் அரவை தொடங்கியதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. இன்றும் அதேதான். பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஊதல் கேட்டது. இரண்டு நீளம், ஒரு குட்டை. இந்தப் பாதையில் ஒவ்வொரு டிரைவரும் தன் வீட்டைத் தாண்டும்போது தனக்கென்று ஒரு மாதிரி ஊதுவார், இது என் கணவர் ரோனிலுடையது. நான் விரிப்பைக் கீழே போடுவதற்குள் ஆர்ஷி ஓடிவிட்டாள். மூன்று வயசு. அப்பா எஞ்சினிலிருந்து கையாட்ட, உதவியாள் வைசாகே ஒரு துண்டுக் கரும்பை வீச, இவள் தண்டவாளத்தை ஒட்டிக் குனிந்து எடுக்கிறாள். எஞ்சினுக்குப் பின்னால் கோத்த டிரக்குகள், கரும்பு ஏற்றிய பெட்டிகள், ஆடி ஆடி வருகின்றன.

வேலி போடலாம் என்று அத்தையிடம் மறுபடி சொன்னேன்.

"ரயில் ஓட்டுறவன் வீட்டுல ரயிலுக்கு வேலியா? ஊரே சிரிக்கும். சூவா பட்டணத்துல போய் அத்தனை வருஷம் படிச்சியே, தண்டவாளத்தைப் பார்த்துப் பயப்படத்தான் சொல்லிக்குடுத்தாங்களா?"

ரோனில் சிரித்தார். சாப்பிட்டுக்கொண்டே சிரித்தார்.

ஜூலை 13

ரயில் வரும்போதெல்லாம் அவளை இடுப்பில் இறுக்கி வைத்துக்கொள்கிறேன். உதைக்கிறாள், கடிக்கிறாள். தோள் வீங்கியிருக்கிறது.

ஜூலை 21, சனி

எழுதினால்தான் இன்று தூங்க முடியும்.

கரும்பு ரயில் பார்க்கவே ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிற கூட்டம் இந்த வருஷமும் வந்தது. வயசானவர்கள், கழுத்தில் கேமரா. குட்டி எஞ்சினைக் கண்டால் குழந்தை மாதிரி ஆகிவிடுவார்கள். அவர்களில் டெஸ்மண்ட் என்பவர் ஆர்ஷியைப் பார்த்துவிட்டு, "ரயில் வரும்போது இந்தப் பாப்பா ஓடிப்போய்க் கரும்பு வாங்கினா அருமையா இருக்கும்" என்றார். அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. சிவப்புக் கவுன் மாட்டிவிட்டார். நான் வேண்டாம் என்றேன். நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

ஊதல். ஓடினாள். ஜல்லியில் கால் வழுக்கி விழுந்தாள். எஞ்சின் தாண்டியிருந்தது, ஆனால் டிரக்குகள்... தலைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் என் கை அளவுகூட இடமில்லை. எப்படி ஓடினேன் தெரியாது. காலைப் பிடித்து இழுத்தேன். அவள் முழங்கைத் தோல் உரிந்து ரத்தம்.

டெஸ்மண்ட் கேமராவை இறக்கவே இல்லை. அப்புறம் பக்கத்தில் வந்து, ரொம்ப மரியாதையாக, "அடுத்த ரயிலுக்கு இன்னொரு தடவை எடுக்கலாமா? இந்தத் தடவை அம்மா குறுக்கே வராம?" என்றார்.

சாயங்காலம் ரோனில் வந்து முழங்கைக் கட்டைப் பார்த்தார். "பிள்ளை நல்லாத்தானே இருக்கு. உன் மூஞ்சிதான் படத்தைக் கெடுத்துருச்சாம்." அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இவங்களுக்கெல்லாம் என்ன மனசு? பிணமாத் தூக்கிட்டு வந்திருந்தா அப்பவும் இப்படித்தான் சிரிப்பாங்களா?

ஜூலை 22

இன்று காலை ஒரு காரியம் செய்தேன்.

அவள் டீக் கோப்பையின் அடியில் கரையாத சீனியை விரலால் வழித்து நக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்கிற குரலில் சொன்னேன். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் போகிற பிள்ளைகளை ரயில் பிடித்துக்கொள்ளும். கரும்போடு சேர்த்து டிரக்கில் போடும். மில்லில் பெரிய உருளைகள் இருக்கும். கரும்பைப் பிழிகிற மாதிரி பிள்ளைகளையும் பிழியும். அந்தச் சாறும் சீனியில் சேரும்.

விரலை வாயிலிருந்து எடுத்தாள். விரலையே பார்த்தாள்.

"யாரு மில்லுக்குக் கூட்டிட்டுப் போவாங்க?"

"ரயில்காரங்க."

"அப்பாவுமா?"

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் கோப்பையை எடுத்துக் கழுவப் போனேன். இல்லை என்று சொன்னால் நாளைக்கு ஊதல் கேட்டதும் மறுபடி ஓடுவாளே.

ஜூலை 24

ஊதினார். ஆர்ஷி கட்டிலுக்கடியில் போய்விட்டாள்.

அடுப்படியில் உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதேன்.

ஜூலை 30

நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டுமே. அத்தை கோவிலுக்குப் போயிருந்தபோது நானே வாயால் ஊதிப் பார்த்தேன். இரண்டு நீளம், ஒரு குட்டை. விளையாடிக்கொண்டிருந்தவள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி ஒளிந்தாள். வெளியே வந்ததும் இன்னொரு தடவை ஊதினேன்.

ஏன் இன்னொரு தடவை?

ஆகஸ்ட் 11, சனி

சீனி போட்டது எதையும் வாயில் வைக்க மாட்டேன் என்கிறாள். படுக்கை தினமும் நனைகிறது. "பேய் பிடிச்சிருக்கு, நாதி ஊர்க் கோவில்ல இருந்து பூசாரியைக் கூப்பிடணும்" என்கிறார் அத்தை. கூப்பிடட்டும். பேய் என்றே இருக்கட்டும்.

சாயங்காலம் ரோனிலும் வைசாகேயும் முற்றத்தில் பாய் விரித்து, யங்கோனா வேரை இடித்துக் கரைத்துக் குடித்தார்கள். வைசாகே கேலி செய்தான்: "நான் கரும்பை நீட்டிக்கிட்டே போறேன், வாங்க ஆளே இல்ல. என்ன கேப்டன், வீட்டுல உங்களைத் தள்ளி வெச்சுட்டாங்களா?"

ரோனில் எழுந்து உள்ளே வந்தார். டீசல் வாடையோடு ஆர்ஷியைத் தூக்கக் குனிந்தார். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். என் பாவாடையில் சூடாக ஏதோ வழிந்தது.

"என்னைப் பார்த்தா மூத்திரம் போகுது பிள்ளைக்கு" என்றார். சிரிக்கப் பார்த்தார். வாய் மட்டும் கோணியது. போய் உட்கார்ந்தவர் அதன்பின் ஒரு சிரட்டைகூடக் குடிக்கவில்லை.

எனக்குப் பாவமாக இல்லை. இதை இங்கே எழுதலாம், யாரும் படிக்கப்போவதில்லை. படத்தைக் கெடுத்த மூஞ்சியைத்தான் பிள்ளை கட்டிக்கொண்டது.

செப்டம்பர் 16, ஞாயிறு

ரோனில் வேலி போட்டார்.

யாரும் கேட்கவில்லை. காலையில் தானே கம்பம் வெட்டி வந்தார். வெயிலில் நின்று குழி தோண்டி, கம்பி இழுத்துக் கட்டினார். அத்தை முணுமுணுத்ததற்கு, "அம்மா, வாயை மூடு" என்றார். அவர் தன் அம்மாவை அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

என்னிடம் வந்து, "சத்தத்துக்குத்தான் பயப்படுறாளோ என்னவோ. இனிமே வீட்டுக்கிட்ட ஊத மாட்டேன். போதுமா, பிரனீத்தா?" என்றார். கையெல்லாம் கம்பி கிழித்திருந்தது.

வேலி இடுப்பு உயரம். உறுதியாக இருக்கிறது. ஆர்ஷியால் ஏற முடியாது, நுழைய முடியாது. இனி அந்தக் கதைக்கு வேலையில்லை. இன்று சொல்லிவிடலாம் என்று அவள் தலைமுடியைக் கோதிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "அம்மா மட்டும் போதும்" என்றாள் அவளாகவே.

சொல்லவில்லை.

அக்டோபர் 20

ரயில் ஊதாமல் போகிறது.

டிசம்பர் 2, ஞாயிறு

அரவை முடிந்தது. கடைசி ரயிலைக் கொண்டுபோய் விட்டுவிட்டு ரோனில் மத்தியானமே வந்துவிட்டார். சோப்பை இரண்டு தரம் போட்டுக் குளித்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். அவளுக்காகத்தான்.

ரொட்டியைப் பிட்டு, மீன் கறியில் தோய்த்து, அவள் பக்கம் நீட்டினார். ஆர்ஷி என் மடியிலிருந்தபடியே கேட்டாள்: "இன்னிக்கு எத்தனை பிள்ளைங்களை மில்லுல போட்டீங்க?"

அவர் கை அப்படியே நின்றது.

"என்னம்மா?"

"பிழியறதுக்கு."

அத்தை, "பேய்தான் பேசுது, நான் அப்பவே சொன்னேன்ல" என்றார். ரோனில் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"யாரு சொன்னா அவகிட்ட?"

ஆர்ஷி தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள், "பக்கத்து வீட்டுப் பெரிய பிள்ளைங்க ஏதாவது சொல்லி பயமுறுத்தியிருக்கும்" என்றேன். என் குரல் கொஞ்சம்கூடப் பிசகவில்லை.

நம்பிவிட்டார். கண் கலங்கி நம்பினார். தட்டை எடுத்துக்கொண்டு வெளிப்படிக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார்.

தட்டை வாங்கப் போனபோது கேட்டார்: "நாளைக்கு டவுனுக்குப் போறேன். அவளுக்கு எது ரொம்பப் பிடிக்கும்? நீ சொல்லு, அதையே வாங்கிட்டு வர்றேன். என்கிட்ட வந்துருவா."

எனக்குத் தெரியும். நூல் கட்டின பலூன் என்றால் உயிர்.

"இப்ப எதுவும் வேண்டாங்க. கொஞ்ச நாள் அவ பக்கத்துல போகாம இருங்க" என்றேன்.

சரி என்று தலையாட்டினார்.