பொய்ச்சாட்சி என்று எழுதப்பட்ட என் தாயார் மூக்காயி குறித்து

அனுப்புநர்:
சொர்ணம், வெள்ளைச்சாமி மனைவி,
மேலமடைப்பட்டி, குடுமியான்மலை அருகில்.

பெறுநர்:
பழைய தஸ்தாவேஜு அறை மேலதிகாரி அவர்கள்,
புதுக்கோட்டை.

பொருள்: கீலக வருஷத்துக் கண்மாய் மடை வழக்குக் கட்டில் இந்த மனுவைச் சேர்த்து வைக்க வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் நடை பழகுமுன்பே என் தாயார் மூக்காயி காலராவில் போய்விட்டார். அவர் விட்டுப்போனது ‘பொய்ச்சாட்சிக்காரி மகள்’ என்ற பெயர் ஒன்றுதான். அந்தப் பேச்சு வந்தால் என் தகப்பனார் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போவார். சென்ற மாசியில் என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களும் அதே பேச்சை எடுத்து, வைத்த வெற்றிலையைத் தொடாமல் திரும்பினார்கள். அதற்குமேல் பொறுக்காமல்தான் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன்.

2. குமாஸ்தா பொறுமையாகத் தேடி, மூலக்கட்டை அவிழ்த்துக் காட்டினார். ஊர்ப் பெரியதனக்காரரின் ஆட்கள் விடியுமுன் மடையை வெட்டித் தண்ணீரைத் தங்கள் வயலுக்குத் திருப்பியதாக என் தாயார் சாட்சி சொல்லியிருக்கிறார். அவர் பேசியபடியே எழுதியிருக்கிறது: “புள்ளை அழுகையை நிறுத்தலைங்க. தோள்ல போட்டுக்கிட்டுக் கரையில நடந்தேன். அப்பத்தான் பாத்தேன். நான் சொல்லுறது பொய்யின்னா எம்புள்ளை எனக்குத் தங்காமப் போகட்டும்.” கீழே பெருவிரல் ரேகை. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகம் எப்படி இருந்தது என்று சொல்ல இன்று ஆளில்லை.

3. கைக்குழந்தைக்காரி அந்நேரத்தில் கரைக்கு வந்தாள் என்பது நம்பும்படி இல்லை, ஆகவே சாட்சி பொய் என்று தீர்ப்பில் கண்டிருக்கிறது. ஐயா, அந்தக் குழந்தை நான். நான் அழுததால்தான் அவர் அங்கே போனார். தோளில் கிடந்த நானும் சாட்சிதான். அன்று பேச வாயில்லை. அவர் என்மேல் செய்த சத்தியம் பொய்யாயிருந்தால் நான் மூன்று பிள்ளை பெற்று, குத்துக்கல் மாதிரி தங்கள் முன் வந்து நிற்பேனா? தீர்ப்பு எழுதினவர்கள் குழந்தை என்ன ஆயிற்று என்று பிறகு ஒரு நடை வந்து பார்த்திருக்கலாம். இதை நான் படித்துக் காட்டக் கேட்பதற்குத் தகப்பனாரும் உயிரோடு இல்லாமல் போனாரே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

4. ஓரத்தில் ஒரு வரி எழுதும்படி கேட்டேன். “பழைய கட்டுல ஒரு புள்ளி வைக்கக்கூட எங்களுக்கு அதிகாரம் இல்லங்க ஆத்தா” என்றார் குமாஸ்தா. நியாயந்தான். தீர்ப்பை மாற்றும்படி நான் கேட்கவில்லை. அந்த வரியை இங்கேயே எழுதிவிடுகிறேன்: மூக்காயியின் பிள்ளை உயிரோடு இருக்கிறாள்.

இந்த மனுவைத் தீர்ப்புக்கு அடுத்த தாளாக வைத்துக் கட்டும்படி தாங்கள் உத்தரவிட வேண்டும். இனி அந்தக் கட்டை அவிழ்ப்பவர்கள் இதையும் படிக்கட்டும்.

இடம்: மேலமடைப்பட்டி
தேதி: தாரண வருஷம் ஆடி 28 (12-8-1944)

இப்படிக்கு,
சொர்ணம்,
மூக்காயி மகள்.