ஜெனரேட்டர் கொட்டகையில் கனகாம்பரம்

பீரோவின் அடித்தட்டைச் சுத்தம் செய்தபோது பழைய விடுதியின் விசிட்டர் நோட்டு ஒன்று கையில் சிக்கியது. அந்த வேலையை விட்டு வந்த அவசரத்தில் என் துணிமணிகளோடு சேர்ந்து வந்திருக்க வேண்டும். கரையான் ஒரு ஓரத்தைத் தின்றிருந்தது. புரட்டினேன். உன் பெயருக்கு நேரே என் கையெழுத்து. பார்க்க வந்தவர்: தாய். வந்த நேரம் பத்து பத்து. போன நேரம் பத்து இருபத்தொன்று.

சங்கரன்கோவிலிலிருந்து இரவு முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து வந்த ஒரு பெண்ணுக்கு நான் கொடுத்தது பதினோரு நிமிடம். விதிப்படி பத்துதான். கூடுதலாக ஒரு நிமிடம் கொடுத்ததை அன்றைக்கு நான் பெரிய தயவாகக்கூட நினைத்திருப்பேன்.

நீ போய் மூன்று மழைக்காலம் முடிந்துவிட்டது. உன்னைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் "பாவம், நல்ல பொண்ணு" என்கிறார்கள். நீ பாவமும் இல்லை, அவர்கள் நினைக்கிற மாதிரி நல்ல பொண்ணும் இல்லை. அடங்காத பெண். அதை எழுதி வைக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

அது 2009-ஆம் வருஷத்துக் கோடை. பிள்ளைப்பாக்கத்தை ஒட்டிய அந்த விடுதியில் நான் வார்டன். கம்பெனி லைனில் வேலை பார்க்கும் பெண்கள் அறைக்கு ஆறு பேராக இருந்தீர்கள். ஆண், பெண், சொந்தம், சுற்றம், யார் வந்தாலும் கேட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். அந்த ஞாயிறும் கம்பிக்கு உள்ளே மகள், வெளியே தாய். அவர் முதுகுக்குப் பின்னால் கார்களை ஏற்றிக்கொண்டு நீளமான லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. உன் அம்மா முறுக்கு டப்பாவைக் கம்பி வழியே நீட்டிப் பார்த்தார். டப்பா நுழையவில்லை. மூடியைத் திறந்து முறுக்குகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தார்.

"மேடம், எங்கம்ம உக்காரதுக்கு ஒரு எடம் குடுங்க. கால் வீங்கியிருக்கு பாருங்க" என்றாய்.

"ரூல்ஸ்மா. நான் இன்னா பண்றது சொல்லு?"

நீ கெஞ்சவில்லை. கம்பியைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்தாய். உன்னைப் பார்த்து உன் அம்மாவும் வெளியே தார் ரோட்டின் ஓரத்தில் உட்கார்ந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த ஞாயிறு நீ என் அறைக்கு வந்தாய். "பெத்தவங்களத் தெருவுல நிக்க வைக்கிற எடத்துல நாங்க எப்பிடி மேடம் குடியிருக்கது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு இடத்தைக் காட்டினாய். கேட்டுக்கு உள்ளே இடது பக்கம், பழைய ஜெனரேட்டர் இருந்த கொட்டகை. பின்னால் காம்பவுண்டு சுவர், ஒரு பக்கம் கட்டடம், மறுபக்கம் தண்ணீர்த் தொட்டி, மேலே சிமெண்ட் ஷீட். ஜெனரேட்டரை மாடிப் பக்கம் மாற்றிய பிறகு அங்கே உடைந்த கட்டில்களும் டீசல் நாற்றமும்தான் மிச்சம்.

"ஓனர் ஒத்துக்க மாட்டாரு" என்றேன்.

"நீங்க ஓனர்ட்ட கேக்காண்டாம். பாக்காத மாதிரி இருங்க. அது போதும்."

பார்க்காத மாதிரி இருப்பது எனக்குப் பழக்கமான வேலை. அதனால் சரி என்றேன். அதில் வீரம் ஒன்றும் இல்லை என்பதை உன்னிடமாவது ஒப்புக்கொள்கிறேன்.

டீசல் குடித்துக் கறுத்திருந்த மண்ணை முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி எடுத்தீர்கள். ஏரி வண்டலை அரிசிச் சாக்குகளில் கட்டி ஷேர் ஆட்டோவில் ஏற்றி வந்தீர்கள். காயலான் கடையிலிருந்து வந்த பேக்கிங் கட்டைகள் மூன்று பெஞ்சுகளாயின. பிறகுதான் பூச்சண்டை தொடங்கியது. உசிலம்பட்டிப் பெண் முத்துலட்சுமிக்கு மல்லிகைதான் வேண்டும். இன்னும் நாலு பேருக்கு ரோஜா. நானும், பார்க்காத மாதிரி இருப்பவள், வாலாஜாபாத்தில் என் வீட்டுக்குப் போயிருந்தபோது ஐந்து ரோஜாச் செடி வாங்கி வந்து கொடுத்தேன். ஒரே மாதத்தில் ஐந்தும் கருகின. மல்லிகை சாகவில்லை. ஆனால் சுவரைத் தாண்டி எட்டிப் பார்க்கிறதுபோல் இலையும் கொடியுமாக நீண்டதே தவிர, ஒரு மொட்டு விடவில்லை.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். நீ ஒரு சாக்பீஸ் டப்பா வாங்கி வந்தாய். வெயில் எங்கே எத்தனை மணிக்கு விழுகிறது என்று சுவரிலும் தரையிலும் கோடு போட வேண்டும் என்றாய். காலை ஷிப்ட் முடித்தவர்கள் மதியக் கோடு, இரவு ஷிப்ட் முடித்தவர்கள் காலைக் கோடு. ஒரு வாரத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. கொட்டகையின் முன்விளிம்பில் பதினொரு மணி வரை வெயில். உள்ளே நாள் முழுக்க வெளிச்சம் உண்டு, வெயில் இல்லை. தொட்டியின் தலையில் மட்டும் அந்தி வரை வெயில்.

முத்துலட்சுமி அழாத குறையாக, "மல்லியப் பிடுங்காதடி" என்றாள்.

"பூக்காதுன்னா பூக்காது. எடத்துக்கு ஏத்த பூவ வைக்கணும்டி. நம்ம ஆசைக்கு ஏத்த பூவ இல்ல."

மல்லிகையை வேர்மண்ணோடு பெயர்த்து, ஒரு பழைய வாளியில் நட்டு மொட்டை மாடியில் கொண்டு வைத்தீர்கள். அங்கே அது வெறி பிடித்ததுபோல் பூத்தது.

நிழலில் கனகாம்பரமும் நந்தியாவட்டையும். இரண்டுக்கும் நடுவே காசித்தும்பை. முன்விளிம்பில் நித்தியகல்யாணி. தொட்டிக் குழாயில் சங்குப்பூக் கொடியை ஏற்றிவிட்டாய். கேட்டோரம் அந்திமந்தாரை. எந்த ஷிப்ட் முடித்து வந்தாலும் ஏதாவது ஒன்று மலர்ந்திருக்க வேண்டும் என்பது உன் கணக்கு. இரவெல்லாம் நின்று வேலை பார்த்துவிட்டு வீங்கிய கண்ணோடு வருகிறவர்களுக்கு அன்று விரிந்த சங்குப்பூ. காலை ஷிப்ட் முடித்து, குளித்து, டீ டம்ளரோடு வந்து உட்காருகிறவர்களுக்கு அந்திமந்தாரை. குடிதண்ணீர் ஃபில்டரிலிருந்து கழிவாக வெளியே போகும் தண்ணீரைத்தான் முதலில் ஊற்றினாய். உப்பு இலை நுனிகளைத் தீய்த்தது. சமையல்கார கன்னியம்மா, "இன்னாடி, செடிக்கு உப்பு போட்டு வறுக்கிறியா? இந்தா, அரிசி கழுவுன தண்ணி கீது, எட்த்துனு போ" என்றாள். அன்றிலிருந்து தினமும் இரண்டு குடம் எடுத்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெற்றோரை உள்ளே விட ஆரம்பித்தேன். நோட்டில் வந்த நேரம் எழுதினேன். போன நேரத்தை எழுத மறந்துவிட்டேன். வேண்டுமென்றேதான் மறந்தேன்.

எட்டு மாதம் கழித்து ஓனர் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா இது, பார்க்கா? கும்பலா குந்திகினு பேசுறதுக்கு எடம் போட்டுக் குட்த்துகிறியா? நாளைக்கு எவனாவது சங்கம்னு கொடி புட்ச்சா நீயா பதில் சொல்லுவ? பைக் ஸ்டாண்டு வரப்போவுது. ஞாயித்துக்கெழம ஆளுங்களோட வர்றேன். காலி பண்ணி வை."

உன்னிடம் வந்து சொன்னேன். நீ காசித்தும்பைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தாய். நிமிராமலே, "ஞாயித்துக்கிழமையா சொன்னாரு? நல்லதாப் போச்சு" என்றாய்.

மூன்று நாட்கள் எல்லோர் கையிலும் செல்போன். அந்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்குள் தென்காசியிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் பரமக்குடியிலிருந்தும் அம்மாக்களும் அப்பாக்களும் வந்து இறங்கிவிட்டார்கள். பெஞ்சு போதாமல் தரையில் பாய் விரித்தோம். உன் அம்மா நந்தியாவட்டைக்கு அருகே சுவரில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நீ இரவு ஷிப்ட் முடித்த கையோடு, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் அவர் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாய். உனக்குத் தூக்கம் வரவில்லை என்பது எனக்குத் தெரியும்.

ஓனர் இரண்டு ஆட்களோடும் கடப்பாரையோடும் வந்தார். கொட்டகை வாசலில் திகைத்து நின்றார். வெயில் அவர் வழுக்கைத் தலையில் அடித்தது. அவர் யாரென்று தெரியாத ஒரு பெரியவர், பரமக்குடிப் பெண்ணின் அப்பா, நகர்ந்து இடம் விட்டார். "ஏன் தம்பி வெயில்ல நிக்கிறீங்க? எந்தப் புள்ளைய பாக்க வந்தீங்க? வாங்க, இப்படி உக்காருங்க."

ஒருத்தியும் சிரிக்கவில்லை. ஓனர் என் பக்கம் திரும்பினார். "எல்லாரையும் வெளிய அனுப்பு."

அந்த நேரத்தில் நீ தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய். கெஞ்சும் பார்வை இல்லை. இவள் என்ன செய்யப் போகிறாள் பார்ப்போம் என்கிற பார்வை. வீட்டில் படிக்கிற மகன், வேலையில்லாத கணவர், எல்லாம் ஒரு கணத்தில் கண்முன் வந்து போனது. நான் பேசியது எனக்கே வேறு யாரோ பேசுவதுபோல் கேட்டது.

"அனுப்ப மாட்டேன் சார்."

"இன்னாது?"

"எனக்கு வேல போனா போவுது. இவங்கள மறுபடி ரோட்டுல நிக்க வைக்க மாட்டேன்."

அவர் கடப்பாரைக்காரர்களைப் பார்த்தார். அவர்களில் ஒருவர் அதற்குள் உன் அம்மாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். ஓனர் ஏதோ முனகிவிட்டுக் காரில் ஏறினார். என்னை வேலையை விட்டும் எடுக்கவில்லை. அவ்வளவு பெண்கள் ஒரே நாளில் அறையைக் காலி செய்தால் யாருக்கு நஷ்டம் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அன்று மாலை நீ என்னை முதல்முறையாக 'யக்கா' என்றாய். "யக்கா, ஒங்க கால் நடுங்கிச்சே, பாத்தேன்." சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாய்.

அதற்குப் பிறகு இரண்டரை வருஷம் அந்த இடம் நம்முடையதாக இருந்தது.

பிறகு அந்த ஐப்பசி. நாலு நாள் காய்ச்சலை மாத்திரையில் அடக்கிக்கொண்டு வேலைக்குப் போனாய். நான் திட்டினேன், நீ கேட்கவில்லை. உன் பிடிவாதத்தை நான் எவ்வளவு மெச்சினாலும் அந்த நாலு நாளை மட்டும் மன்னிக்க மாட்டேன். ஐந்தாம் நாள் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்கு உன்னைத் தூக்கிக்கொண்டுதான் போனோம். வெளியே மழை. கட்டிலில் கிடந்தபடி நீ சொன்னது இதுதான்: "மூஞ்சிய அப்பிடி வைக்காதீங்க யக்கா. கனகாம்பரக் காய் முத்தியிருக்கும். மழத்தண்ணி பட்டா வெடிச்சுத் தெறிச்சிரும். முன்னாலயே பறிச்சு வச்சிருங்க."

நான் பறிக்கவில்லை. உன்னை ஊருக்கு அனுப்பி வைத்த அந்த வாரம் எனக்கு எந்தச் செடியும் கண்ணில் படவில்லை.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு நாங்கள் சங்கரன்கோவில் போயிருந்தபோது ஓனர் வேலையை முடித்துவிட்டார். திரும்பி வந்தால் பெஞ்சுகள் இல்லை. செடிகள் ரோட்டோரம் குவிந்து கிடந்தன. தரையில் புதிய சிமெண்ட். "அந்தப் பொண்ணே போய்ட்ச்சு. இன்னும் எதுக்கும்மா அதெல்லாம்?" என்றார். அன்றே சாவிக்கொத்தை அவர் மேசையில் வைத்தேன். முத்துலட்சுமியோடு இருபது பேர் அந்த மாதமே வேறு விடுதிக்குப் போனார்கள். சாவி கொடுத்த அன்று பார்த்தேன். சுவர் இடுக்கிலும் தொட்டிக்கு அடியிலும் கேட்டுக்கு வெளியிலும், நான் பறிக்காமல் விட்ட காய்கள் தெறித்த இடமெல்லாம் விரல் நகம் அளவுக்குக் கனகாம்பரக் கன்றுகள். எத்தனை இடத்தில் சிமெண்ட் பூசுவார்?

இப்போது ஒரகடத்தில் வேறு விடுதி. வேலைக்குச் சேரும்போதே, பார்க்க வருகிறவர்கள் உட்கார நிழலான இடம் இருந்தால்தான் சேருவேன் என்று சொல்லிவிட்டேன். வேலைக்கு எடுத்தவர் ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு மூலை கொடுத்தார். அங்கே உன் கனகாம்பரத்தை வைக்கவில்லை. மேற்கு பார்த்த மூலை. மதியத்திலிருந்து வெயில் கொளுத்துகிறது. உன் மேல் உள்ள பாசத்துக்காக ஒரு செடியைக் கருக விடுவேனா? ஒரு வாரம் கோடு போட்டுப் பார்த்துவிட்டு, மூங்கில் பந்தல் போட்டு அதன்மேல் காகிதப்பூவை ஏற்றினேன். ஓரத்தில் இட்லிப்பூவும் செம்பருத்தியும். உள்ளே ஆறு பேர் உட்காரலாம். நெருக்கினால் எட்டு.

எங்கே போனாலும் இப்போது எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. பேங்கோ, ஆஸ்பத்திரியோ, தாலுகா ஆபீஸோ, வந்தவர்கள் உட்கார இடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன். இல்லாவிட்டால் கேட்கிறேன். கேட்டுக்கொண்டே இருக்கிறேன். என்னைப் பார்த்தாலே முகம் சுளிக்கிறவர்கள் இந்த வட்டாரத்தில் இப்போது நிறைய பேர்.

போன வாரம் மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி சோதனைக்கு வந்தார். நான் பந்தலுக்கு அடியில், இரவு ஷிப்ட் முடித்து வந்த மூன்று பெண்களோடு டீ குடித்துக்கொண்டிருந்தேன். அவர் நேரே வந்து நின்று, "யாரும்மா இங்க வார்டன்?" என்று அதட்டினார். பெண்கள் பதறிக்கொண்டு எழப் பார்த்தார்கள். நான் கையமர்த்தினேன்.

"நான்தான். சொல்லுங்க" என்றேன். எழுந்திருக்கவில்லை.