சுனிதா செய்த மாம்பழ பிங்சு

துபாய், வெள்ளிக்கிழமை

அன்புள்ள ஐடா அப்பாவுக்கு,

நான் சுகம். உங்க முதுகு வலி தேவலையா? ஐடா ஒழுங்கா சாப்பிடுறாளா?

நீங்க அனுப்பின வீடியோவைப் பார்த்தேன். பக்கத்து வீட்டு சுனிதா நம்ம அடுப்படியில நின்னு உறைஞ்ச பாலைச் சப்பாத்திக் கட்டையால நசுக்கி, மேல சீனிவாசபுரம் மாம்பழத்தைப் போட்டு ஐடாவுக்கு ஊட்டுறா. "ஆன்ட்டி, கொரியா ஐஸ் சூப்பரா கீது"ன்னு குழந்தை சொல்றா. இங்க நான் வேலை பாக்கிற ஐஸ் கடையில நாளெல்லாம் அதே பிங்சு ஐஸை ஊரார் பிள்ளைங்களுக்குச் செஞ்சு கொடுக்கிறவ நான். கிண்ணம் எங்கேன்னு உங்களைக் கேக்காமலே மேல்தட்டிலேருந்து எடுத்தாளே, அதைத்தான் என்னால தாங்க முடியல. பொறாமைதான், வேற பேர் இல்ல.

நேத்து அதே நினைப்புல ஒரு சின்னப் பொண்ணுக்கு ரெண்டு பங்கு மாம்பழம் வெச்சுட்டேன். மேனேஜர் கொஞ்சம் கத்தினார், அவ்வளவுதான்.

ஞாயிறு சர்ச் முடிஞ்சு நீங்க ஆண்டர்சன்பேட்டை வீட்டுக்கு வந்ததும் வீடியோ கால் பண்றேன். சனிக்கிழமையே பால்ல கன்டென்ஸ்டு மில்க் கலந்து ஃப்ரீசர்ல வைங்க. போனை அடுப்பு மேடையில சாத்தி வெச்சா, நான் சொல்லச் சொல்ல நீங்க நசுக்கலாம். சுனிதாவுக்கும் ஒரு கிண்ணம் கொடுங்க. அவ வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுங்க.

கடைக்குக் கூட்டிட்டுப் போற வண்டி வந்துடுச்சு. இதை போட்டோ எடுத்து இப்பவே போன்ல அனுப்பிடுறேன்.

உங்க லவினா