மட்கார்டில் பூசிய கண்மை

பங்காளி,

இன்று காலை என் மகன் வாசலில் காரை நிறுத்தி மெருகேற்ற ஆரம்பித்தான். குப்பியைத் திறந்ததும் மண்ணெண்ணெயும் மெழுகும் கலந்த அந்தப் பழைய வாசனை வீட்டுக்குள் வந்துவிட்டது. துடைக்க வேட்டித் துணி கேட்டான். பீரோவைத் துழாவினால், துணிக்கு முன்னால் அந்தச் சின்னத் தகர டப்பாதான் கையில் பட்டது. துணியைக் கொடுத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ போய் ஒரு மாதம் ஆகிறது. நீ எதிரில் உட்கார்ந்திருந்த காலத்தில் சொல்ல வக்கில்லாதவன் இப்போது காகிதத்தில் சொல்கிறேன். திட்டுவதானால் திட்டிக்கொள்.

எழுபதுகளில் எருத்தேன்பதிப் பக்கம் கார் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நீ கோயம்புத்தூரில் ஒரு தரகரிடம் பழைய கறுப்பு அம்பாசடர் வாங்கி வந்தாய். ஓட்டத்தில் குறையில்லை. நிறம்தான் வெயிலில் வெளுத்துப்போய், தொட்டால் விரலில் மாவாக ஒட்டியது. "எருமை சேத்துல பொரண்டு காஞ்ச மாதிரி இருக்குது" என்று நான் கேலி செய்ததற்கு, இரண்டு நாள் என்னை ஏற்றாமலே ஓட்டிக்கொண்டு திரிந்தாய்.

அந்தச் சமயத்தில்தான் உன் தங்கச்சியைப் பெண் பார்க்கப் பொள்ளாச்சியிலிருந்து வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். கொழிஞ்சாம்பாறை வரை பஸ்ஸில் வருவார்கள், அங்கிருந்து உன் காரில் அழைத்து வர வேண்டும். அப்பா இல்லாத பெண், அண்ணன் குறை வைத்தான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பது உன் கவலை. பட்டறைக்கு விட நாளில்லை. வெளுத்த பெயிண்டைத் தேய்த்தெடுக்கிற காம்பவுண்டு ஒரு டப்பா, மெழுகு ஒரு டப்பா வாங்கி வந்து, முந்தின நாள் காலையில் வண்டியை மாட்டுக்கொட்டகை நிழலில் நிறுத்தினாய்.

கழுவி, ஈரம் போகத் துடைத்து, வேட்டித் துணியில் சுண்டைக்காய் அளவு காம்பவுண்டைத் தொட்டு வட்டம் வட்டமாகத் தேய்த்தோம். வெளுப்பு கழன்று அடியிலிருந்து புதுக் கறுப்பு எட்டிப் பார்த்தபோது உனக்குத் தலைகால் புரியவில்லை. "மேடான பக்கம் அமுத்தாதே பங்காளி, அங்க பெயிண்டு மெலிசு" என்று மூன்று முறையாவது சொல்லியிருப்பாய்.

மதியம் வாய்க்காலில் உன் தண்ணீர் முறை. மடை திருப்பப் போய்விட்டாய். முன் மட்கார்டு ஒன்றுதான் பாக்கி, அதற்குள் காம்பவுண்டு தீர்ந்துவிட்டது. நீ வரும்வரை சும்மா இருந்திருக்கலாம். மாட்டுப் பொங்கலுக்குக் காளைக் கொம்பை மினுக்குவதில் என்னை மிஞ்ச ஊரில் ஆளில்லை என்ற திமிர் எனக்கு. கொம்புக்குச் செய்வதையே மட்கார்டுக்கும் செய்தேன். சலித்த அடுப்புச் சாம்பல், தேங்காய் நார், இரண்டு சொட்டு எண்ணெய். கொம்பு நுனியை அழுத்துகிற மாதிரியே அந்த மேட்டை அழுத்தித் தேய்த்தேன். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் மின்னியது. அப்புறம் உள்ளங்கை அகலத்துக்குச் செங்கல் நிற அடிப்பூச்சு பல்லை இளித்தது.

உன் தங்கச்சி மறுநாளுக்காக விளக்கெண்ணெயில் குழைத்துக் கண்மை வைத்திருந்தது ஞாபகம் வந்தது. போய்க் கேட்டேன்.

"எதுக்குங்ணா?" என்று டப்பாவோடு கூடவே வந்தாள். மட்கார்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அண்ணங்கிட்டச் சொல்லீராதே அம்மிணி. நாளைக்கு ஒரு நாள் போனாப் போதும். அப்பறம் நானே சொல்லிக்கறேன்."

"சரீங்ணா" என்று டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். தனக்கென்று ஒரு விரல்கூடத் தொட்டுக்கொள்ளவில்லை. முழுதையும் பூசினேன். மற்ற இடத்தை விட அங்கேதான் கறுப்பு பளபளத்தது. சாயங்காலம் திரும்பி வந்த நீ காரைச் சுற்றிச் சுற்றி வந்தாய். "மூஞ்சி தெரியுது பாரு பங்காளி!" என்று என் கழுத்தைப் பிடித்துக் குனிய வைத்துக் காட்டினாய்.

மறுநாள் வெயிலில் மை இளகிவிட்டது. உன் வாசலில் இறங்கிய மாப்பிள்ளையின் அம்மா, செருப்பைக் கழற்ற மட்கார்டில் கையை ஊன்றினாள். அதே கையால் சந்தன நிறப் பட்டுச்சேலையின் கொசுவத்தைச் சரிசெய்தாள். சேலையெல்லாம் கறுப்பு. அவள் திரும்பி வந்து மட்கார்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"காருக்கே மை பூசி மறைக்கற ஊடு. பொண்ணுக்கு எதைப் பூசி வெச்சிருக்கறீங்களோ, ஆரு கண்டா?"

உள்ளே மையிடாத கண்ணோடு உன் தங்கச்சி காப்பித் தட்டை ஏந்தி நின்றிருந்தாள். நான் உன் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை, "நான்தானுங்க" என்று சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. உன் காரிலும் ஏற மாட்டோம் என்று அவர்கள் வெயிலில் நடந்தே போய்விட்டார்கள்.

பெயிண்டு போன இடத்தைத் தரகன்தான் மை பூசி மறைத்து உன் தலையில் கட்டியிருக்கிறான், நாம் தேய்த்ததில் அது இளகிவிட்டது என்று நீ முடிவு கட்டினாய். சண்டை பிடிக்கப் போனபோது துணைக்கு என்னையும் கூட்டிப் போனாய். அந்த மனுஷன் தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தான். நீ அவன் சட்டையைப் பிடித்தாய். நான் விலக்கிவிடுகிறவன் மாதிரி நடித்தேன்.

மை பூசின வீடு என்ற பேச்சு பரவி, வந்த இடமெல்லாம் தட்டிப்போயிற்று. மூன்று வருஷம் கழித்து ஆனைகட்டியில், மனைவியை இழந்து இரண்டு குழந்தைகளோடு இருந்தவருக்குத்தான் அவளைக் கொடுத்தாய். அதே காரில்தான் அனுப்பி வைத்தோம். மட்கார்டுக்கு நீ புதுப் பெயிண்டு அடித்திருந்தாய். கறுப்பு சரியாகச் சேரவில்லை. அந்தக் காரை நீ விற்கும்வரை, முன் சீட்டில் உட்காரும்போதெல்லாம் நான் பக்கவாட்டிலேயே வேடிக்கை பார்த்துக்கொண்டு வருவேன். "என்ன பங்காளி, முன்னாடி பாக்கவே மாட்டேங்கறே?" என்று ஒரு தடவை கேட்டாய். கண் கூசுகிறது என்றேன்.

உன் கருமாதி அன்று கூட்டம் கலைந்த பிறகு உன் தங்கச்சி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவளுக்கும் தலை முழுக்க நரைத்துவிட்டது. இத்தனை வருஷம் நான் வைத்திருந்த அந்த மை டப்பாவை எடுத்து நீட்டினேன். பார்த்ததும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

"இத்தனை வருசத்துல அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை நீ ஏன் அம்மிணி சொல்லலே?"

"நானே சொல்லிக்கறேன்னு சொன்னீங்கல்லங்ணா" என்றாள்.

கோபமில்லை அவள் குரலில். இருந்திருந்தால் தேவலை. டப்பாவையும் வாங்கிக்கொள்ளவில்லை. அதனால் அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

வாசலிலிருந்து மகன் கூப்பிடுகிறான். "அப்பா, வந்து பாருங்க, மூஞ்சி தெரியுது" என்கிறான். நான் போகவில்லை, பங்காளி. உள்ளேயே உட்கார்ந்திருக்கிறேன்.