தெளிப்பும் முழுக்கும்

நவம்பர் 3, திங்கள்

தூறல். குளிர்.

நேற்று அறுப்பின் பண்டிகை ஏலத்தில் என் மனைவி கிரேஸின் தம்பி ஜெயசீலன், சபையார் அத்தனை பேர் முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு, நான் செய்த சிமெண்டுத் தொட்டிகளில் சைனைடு மேட்டு மண் கலந்திருப்பதாகச் சொன்னான். பொய். நடந்த தவறு இதுதான். முதலில் எழுதி வைத்துவிட்டேன். மற்றதெல்லாம் இதற்குப் பின்.

(இனி அவன் வெறும் ஜெ. முழுப் பெயர் எழுத மனமில்லை.)

அவன் பேசியது, ஒரு எழுத்து மாற்றாமல்:

"அடுத்தது நம்ம மாமா கையால செஞ்ச பூந்தொட்டி, ஆறு பீஸு. கலரப் பாருங்க, ஐஸ்கிரீம் கணக்கா கீது. மண்ணு மட்டும் நம்ம சைனைடு மேட்டு மண்ணு. செடி வெச்சா மூணே நாளு, கர்த்தருக்குள்ள நித்திரை!"

சிரிப்பு. போதகரும் சிரித்தார். பாடகர் குழுவில் ஒருத்தி இருமல் வரும்வரை சிரித்தாள். ஒரு பூசணிக்காயை ஒருவர் ஏலத்தில் எடுத்து சபைக்கே திருப்பிக் கொடுக்க, அதையே இன்னொருவர் எடுக்க, சுற்றிச் சுற்றி வந்தது. என் தொட்டிகளுக்கு ஒரு வாயும் திறக்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு ஆட்டோ பிடித்து நானே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

வேறு ஊரில் இது வேடிக்கை. இங்கே காற்றடித்தால், சுரங்கத்தில் தங்கம் பிரித்தெடுத்துக் கொட்டின அந்த மேட்டுத் தூள் காய வைத்த வேட்டியில் படிகிறது, சோற்றில் விழுகிறது. அந்த மண்ணை யாரும் செடிக்கு வைக்கமாட்டார்கள். எங்கள் ஸ்கெலட்டன் குடியிருப்பில் பிறந்த சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். இந்த ஊரில் ஒரு தொட்டியைக் கெடுக்க அந்த ஒரு வார்த்தை போதும். தெரிந்தே சொன்னான்.

கிரேஸ்: "வெளாட்டுக்குத்தான் சொன்னான். வுடுங்க."

"மைக்ல சொன்னத மைக்லதான் திருப்பிச் சொல்லணும். அது வரைக்கும் அவன் வூட்டுப் படி ஏறமாட்டேன்."

"இருபத்தேழாந் தேதி பிரின்சி கல்யாணம்."

"தெரியும்."

"அத்தை இல்லாத கல்யாணமா?"

"நீ போ. நான் தடுக்கல."

"நீங்க வராம நான் மட்டும் எந்த மூஞ்சியோட போயி உக்காருவேன்?"

பிரின்சி ஜெ.யின் ஒரே மகள். கிரேஸ் இடுப்பில் வைத்து வளர்த்த பிள்ளை. கிரேஸ் தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். இட்லி கல் மாதிரி.

நவம்பர் 4, செவ்வாய்

தூறல் நின்றது. வெயில் இல்லை.

சிமெண்டில் கலந்த மண் விவரம், பதிவுக்காக. பங்காருபேட்டைக் கடை மண். பக்கத்து வீட்டுக் கௌதமன் பாத்ரூம் கட்ட ஒரு லோடு இறக்கினான். மீந்ததை நான் எடுத்துக்கொண்டேன். வேறு மண் இந்த வீட்டு வாசல் தாண்டி வந்ததில்லை.

கௌதமனிடம் சொன்னேன். அவன்: "அப்ப என் பாத்ரூம் செவுரும் சைனைடா? சொல்லவே இல்லையேண்ணா, தெனம் அதுலதானே குளிக்கிறேன்!"

"சபைல வந்து சாட்சி சொல்லுவியா?"

"நான் புத்தர் ஆளு. உங்க சபைல எங்கண்ணா நிப்பேன்? செருப்பு வுடற எடத்துலயா?"

வாய்க்கு வாய் வேடிக்கை. ஆனால் வந்து நிற்கச் சொன்னால் நிற்பான். வேண்டாம் என்று விட்டேன். சாட்சியைவிடச் செடி நல்லது. தொட்டியில் வெந்தயம் போட்டு, பச்சையாக வளர்ந்ததும் ஞாயிறு ஆராதனைக்குக் கையில் தூக்கிப் போய் நடுவழியில் வைப்பேன். யார் என்ன சொல்வார் பார்க்கலாம்.

திரும்பி வந்த ஆறு தொட்டிகளில் போடவில்லை. அவை காணிக்கை. கொடுத்ததை எடுத்துப் புழங்கமாட்டேன். வெள்ளிக்கிழமை அச்சிலிருந்து எடுத்த புதுத் தொட்டியில் போட்டேன்.

கிரேஸ் தம்பியோடு போனில் பேசுகிறாள், சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு. சாத்தினாலும் கேட்கும். பேசியது முழுக்கப் புடவை பற்றி.

நவம்பர் 6, வியாழன்

நல்ல வெயில். பெயிண்ட் வேலை.

தொட்டியைப் பெயிண்டில் முக்குகிற முறை, எனக்காகவே ஒரு தரம் எழுதி வைக்கிறேன். இது யாரும் சொல்லித் தந்ததில்லை. போனில் படம் பார்த்தேன், சத்தத்தை அணைத்துவிட்டு, ஏனென்றால் அந்த ஆள் கையைவிட வாயை அதிகம் ஆட்டினான். மற்றது நானே கெடுத்துக் கெடுத்துக் கற்றது.

தொட்டி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். முதலில் வெள்ளை அடித்து அதையும் காயவிட வேண்டும். பெரிய டப்பில் தண்ணீர், வெதுவெதுப்பாக. பச்சைத் தண்ணீரில் பெயிண்ட் சுருங்கி ஆடை கட்டுகிறது. தண்ணீர்மேல் ஸ்ப்ரே: நீலம், வெள்ளை, ஓரத்தில் கொஞ்சம் பொன். ஈர்க்குச்சியால் ஒரே ஒரு சுற்று. இரண்டாம் சுற்று சுற்றினால் சேறு. தொட்டியின் அடித் துளையைத் துணியால் அடைத்து, வாய் மேலே இருக்க, கையை உள்ளே விட்டுப் பிடித்து இறக்க வேண்டும். சுரங்கத்தில் கேஜ் இறங்குவது போல நேராக. பாதியில் நின்றால் அந்த இடத்தில் கோடு. விளிம்புவரை இறக்கிப் பிடித்துக்கொண்டே, மிதக்கிற மிச்சப் பெயிண்டைப் பழைய பேப்பரால் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, பிறகுதான் தூக்க வேண்டும். இல்லையென்றால் ஏறும்போது இன்னொரு தோல் ஒட்டிக்கொள்ளும்.

ஒன்று மாதிரி இன்னொன்று வராது. நானே நினைத்தாலும் வராது. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

கௌதமன் மதில்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு பார்த்தான்.

"அண்ணா, உங்க சபைல ஞானஸ்நானம் தண்ணி தெளிக்கிறதுதானே?"

"ஆமா."

"பிரின்சி மாப்ள வூடு, ஊரிகம் பக்கம், அவங்க முழுக்கு?"

"ஆமா. அதுக்கு இன்னா?"

"மொதல்ல தெளிக்கிறீங்க, அப்பால முழுக்குறீங்க. ரெண்டு சபையும் சேந்த ஞானஸ்நானம் இந்தத் தொட்டி ஒண்ணுக்குத்தான் ஆயிருக்குது. பரலோகம் போனா இதுதான் மொதல்ல போவும்."

சிரிக்கக்கூடாது என்றுதான் இருந்தேன். கை ஆடிவிட்டது. அந்தத் தொட்டியில் ஒரு கோடு.

"நாங்க புத்தர்கிட்ட போனதுல இந்தத் தண்ணித் தகராறே கெடையாது," என்று வேறு சொல்லிவிட்டுப் போனான். தகராறு உண்மைதான். எந்த ஆலயத்தில் தாலி என்று இரண்டு வீட்டாரும் மாதக்கணக்காக இழுத்தார்கள். தாலி நம் ஆலயத்தில், விருந்து அவர்கள் பார்த்த ஹாலில் என்று முடிந்தது. மாப்பிள்ளையின் தாய்க்கு இன்னும் முகம் தெளியவில்லையாம்.

வெந்தயம் முளை விட்டிருக்கிறது. நினைத்தபடி.

நவம்பர் 9, ஞாயிறு

பனி. தொண்டை கரகரப்பு.

ஆராதனைக்குப் போனேன். கடைசி வரிசை. ஜெ. அறிவிப்பு வாசித்தான். மைக் நன்றாக வேலை செய்தது. அதில் சொல்ல வேண்டியதைத் தவிர எல்லாம் சொன்னான்: பெண்கள் ஐக்கியக் கூட்டம், காணாமல் போன குடை, மகள் கல்யாணத்துக்கு எல்லோருக்கும் அழைப்பு. "எல்லாரும் குடும்பமா வாங்க" என்றபோது கடைசி வரிசையைப் பார்த்தான். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன்.

தொட்டியைத் தூக்கிப் போகவில்லை. வெந்தயம் செத்துவிட்டது. முளை வந்தவரை சரி, பிறகு மஞ்சள், பிறகு நூல் மாதிரி சாய்ந்தது.

காரணம் தெரியும். புதுத் தொட்டி. பச்சைச் சிமெண்டின் சுண்ணாம்புக் காரம் வேரைப் பிடித்துவிட்டது. தண்ணீரில் ஊறப்போட்டு, நீரை மாற்றி மாற்றி, காரம் போக்கின பிறகுதான் மண் நிரப்ப வேண்டும். ஏலத்துக்குக் கொடுத்த ஆறையும் அப்படித்தான் ஊறவைத்தேன். இதில் அவசரப்பட்டேன். மண்ணின் குற்றம் இல்லை. ஆனால் இதைப் போய் இப்போது யாரிடம் சொல்வது. ஜெ. சொன்ன மாதிரியே நடந்துவிட்டது என்பார்கள்.

வாடினதைக் கிள்ளிச் சாக்கடையில் போட்டேன். திரும்பினால் கிரேஸ்.

"வெந்தயந்தான் வீணு," என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

நவம்பர் 12, புதன்

இருமல். வெளியே போகவில்லை. கரண்ட் போய்ப் போய் வந்தது.

கிரேஸ் கஷாயம் கொண்டுவந்தாள், கற்பூரவல்லி இலை போட்டு. இரண்டு வேளை குடித்தேன். மூன்றாம் வேளைதான் கேட்கத் தோன்றியது, இலை ஏது என்று. நம் வீட்டில் அந்தச் செடி இல்லை.

"பின்னால கீது. தண்ணி டிரம்முக்கு அந்தண்ட."

போய்ப் பார்த்தேன். மழைக்காலத் தொடக்கத்தில் நான் முதன்முதலில் முக்கின தொட்டி. பச்சைத் தண்ணீரில் முக்கி, பெயிண்ட் கிழவன் தோல் மாதிரி சுருங்கிப்போய், கோபத்தில் தூக்கி எறிந்தது. பிறகு அந்தப் பக்கம் நான் எட்டிப் பார்த்ததே இல்லை. வாய் கொள்ளாமல் கற்பூரவல்லி. விளிம்பு தாண்டித் தரையில் தொங்குகிறது. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம்.

"எப்ப வெச்ச?"

"எறிஞ்சீங்களே, அதுக்கப்பால. மழைல நனைஞ்சி கெடந்தது. பாவமா இருந்தது, எடுத்து வெச்சேன்."

மழையில் கிடந்து தானே காரம் போயிருக்கிறது. அதே மண். அதே கௌதமன் லோடு.

"கொம்பு ஏது?"

கிரேஸ் என்னைப் பார்க்காமல் டிரம்மின் மூடியைச் சரி செய்தாள். "ஜெயசீலன் வூட்டுக் கொம்பு. அவன்தான் ஒடிச்சிக் குடுத்தான்."

ஆக நான் குடித்தது அவன் வீட்டுச் செடி. இருமல் குறைந்ததா என்று கேட்டாள். குறையவில்லை என்றேன். குறைந்திருக்கிறது.

நவம்பர் 15, சனி

வெயில். காலையில் ஜெ. வந்தான்.

வாசலிலேயே நின்றான். நான் வா என்று சொல்லவில்லை. கிரேஸ், "உள்ள வாடா, செருப்ப அங்கயே வுடு" என்றாள். வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். கையில் கல்யாணப் பத்திரிகை. அக்காவிடம் கொடுத்தான். என் கைக்கு நீட்டத் தைரியம் இல்லை.

"பிரின்சி அனுப்பிச்சா மாமா. அந்த ஆறு தொட்டியும் ஹால் வாசல்ல ரெண்டு பக்கமும் வெக்கணுமாம்."

"சைனைடு தொட்டி எதுக்கு? மாப்ள மூணு நாள்ல நித்திரை ஆயிட்டா?"

"மாமா..."

"மைக்ல சொல்லு. எடுத்துட்டுப் போ."

"கல்யாண மைக்ல நின்னு சைனைடுன்னு சொல்லச் சொல்றீங்களா? சம்பந்தி வூட்டார் இன்னா நெனைப்பாங்க?"

"பண்டிகைல சொன்னப்ப நான் இன்னா நெனைப்பேன்னு யோசிச்சியா?"

கிரேஸ் டீ கொண்டுவந்து வைத்தாள். பிறகு அவன் தரையைப் பார்த்தபடி: "நீங்கதான் மொதல்ல சிரிப்பீங்கன்னு நெனச்சேன் மாமா. எப்பவும் நான் வெளாட்டுப் பண்ணா நீங்கதானே மொதல்ல சிரிப்பீங்க. உங்களப் பாத்துட்டேதான் சொன்னேன். நீங்க சிரிக்கல. அப்பால எனக்கு எப்பிடி நிறுத்தறதுன்னே தெரியல. அடுத்த சாமானுக்குப் போயிட்டேன்."

அது எனக்குத் தெரியாது. இப்போது தெரிந்தாலும் தவறு தவறுதான். அதையே சொன்னேன்.

கை கழுவப் பின்னால் போனவன் டிரம் பக்கம் நின்றுவிட்டான்.

"அக்கா, இது எங்க வூட்டு செடியாச்சே? இம்மாம் பெரிசாவா? எங்க வூட்ல இத்தினூண்டு கூட வளரல."

"எந்தத் தொட்டின்னு பாருடா," என்றாள் கிரேஸ்.

குனிந்து பார்த்தான். விரலால் சுருங்கின பெயிண்டைத் தடவினான். என் பக்கம் திரும்பவில்லை. போகும்போது, "வரேன் மாமா." நான் தலையாட்டினேன். அது போய் வா என்பதற்கு மட்டும்.

நவம்பர் 17, திங்கள்

குளிர் அதிகம். ஸ்வெட்டர் எடுத்தாயிற்று.

காலையில் பிரின்சி போன், பெங்களூர் ரயிலில் இருந்து. பாதி கேட்டது, பாதி தண்டவாளம்.

"மாமா, கௌதமன் மாமா ஜோக்க அத்தை போன்ல சொன்னாங்க, நான் எங்க மாமியார்கிட்ட சொன்னேன். தெளிச்சி முழுக்கின தொட்டின்னு. இத்தனை மாசத்துல மொத தடவை சிரிச்சாங்க மாமா! அந்தத் தொட்டியத்தான் வாசல்ல வெக்கணும்னு அவங்களே சொல்லிட்டாங்க."

"உங்கப்பன் மைக்ல சொல்லட்டும்."

"சொல்றாராம். அந்த ஒரு வார்த்தை மட்டும் வேணாங்கறாரு. மத்தபடி நீங்க எழுதிக் குடுக்கறத அப்படியே சொல்றாராம். நீங்க வரலன்னா அத்தை வரமாட்டாங்க. அத்தை வரலன்னா நான் கார்ல இருந்து எறங்கமாட்டேன்."

"மெரட்டறியா?"

"ஆமா. உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான்."

"சரி, எழுதித் தரேன்."

"ஆய்த்து மாமா! டனல் வருது, வெக்கிறேன்." அந்தப் பாதையில் டனல் கிடையாது.

அந்த வார்த்தை வேண்டாம் என்பது நியாயம்தான். கல்யாண வீட்டில் நானும் அதைக் கேட்க விரும்பவில்லை. மண் எந்த ஊர் மண் என்று சொன்னால் போதும். கேட்டவர்களுக்குப் புரியும்.

செய்ய வேண்டியது, செய்ய வேண்டியவர்:

மைக்: ஜெயசீலன். விருந்துக்கு முன், எல்லோரும் உட்கார்ந்த பின். பந்தி நடுவில் சொன்னால் செல்லாது.

சொல்ல வேண்டியது: "வாசல்ல இருக்கற தொட்டி எங்க மாமா செஞ்சது. மண்ணு பங்காருபேட்டை மண்ணு. அன்னிக்கு நான் சொன்னது தப்பு." கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. வேடிக்கை ஒன்றே ஒன்று சேர்த்துக்கொள்ளலாம், தெளிப்பு முழுக்கு. அதையும் கௌதமன் பெயரைச் சொல்லிச் சொல்ல வேண்டும்.

கௌதமனுக்குப் பத்திரிகை: ஜெயசீலன், நேரில் வந்து. செருப்பு விடுகிற இடத்தில் அல்ல, முன் வரிசையில் நாற்காலி.

தொட்டிகளை ஹாலுக்கு ஏற்றிப்போவது: கௌதமனும் நானும். கல்யாணம் முடிந்து ஆலய வாசலில் கொண்டு வைப்பது: ஜெயசீலன். காணிக்கை மறுபடி என் வீட்டுக்கு வரக்கூடாது.

செடி: கற்பூரவல்லி, ஆறு கொம்பு. ஒடிப்பது கிரேஸ். நடுவது நான், இன்றைக்கே, வேர் பிடிக்க நாள் வேண்டும்.

புடவை: கிரேஸ், தம்பியோடு போய். நிறம் என்னைக் கேட்க வேண்டாம்.

என் வெள்ளைச் சட்டை, கையில் நீலப் பெயிண்ட் கறை. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துத் துவைத்து இஸ்திரி போடுவது: நான்.